கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள்

மார்ச் 4, திங்கள்

இந்த டைரி என் மனைவி அமுலு வேலை செய்யும் ஷூ கம்பெனியில் பொங்கலுக்குக் கொடுத்தது. அட்டையில் பூட்ஸ் படம். பீரோ மேல் சும்மா கிடந்தது. இன்று முதல் நான் எழுதப்போகிறேன். என் ஆசை இல்லை. பிச்சாண்டி சாப் உத்தரவு.

பட்டாளத்தில் சுபேதாரை சாப் என்றுதான் கூப்பிடுவோம். இவர் ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ரிடையரானவர். பின்தெருவில் வீடு. நான் டிரைவர் ஹவில்தார் ஜலகண்டன். இரண்டு பேருமே வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர்கள்தான். ஆனாலும் அவர் சாப், நான் ஹவில்தார். அது சாகும் வரை மாறாது.

காலையில் தபால் வந்தது. பனியில் கெட்டுப்போன என் கால்களுக்காக ஊனமுற்ற படைவீரர் பென்ஷன் கேட்டு மனுப் போட்டிருந்தேன். டிசம்பரில் சென்னைக்குக் கூப்பிட்டு மருத்துவ போர்டு பார்த்தது. இப்போது தள்ளுபடி செய்துவிட்டார்கள். பாதிப்பு இருக்கிறதாம், பென்ஷன் கொடுக்கும் அளவுக்கு இல்லையாம். வேண்டுமானால் அப்பீல் செய்யலாமாம்.

சாப் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்பீல் நான் எழுதித் தர்றேன். நீ ஒரு வேலை செய். தெனம் உன் ஒடம்புக்கு இன்னா ஆச்சுன்னு எழுது. யாருக்கும் காட்ட வேணாம். உனக்கே நீ சொல்லிப் பழகு. ‘நல்லா இருக்கறேன்’றத தவிர உன் வாயில வேற வார்த்தையே வராது.”

சரி என்று வந்துவிட்டேன்.

இன்று உடம்பு நன்றாக இருந்தது. அசம்பாவிதம் ஏதுமில்லை.

மார்ச் 5, செவ்வாய்

உடம்பு நன்று. அசம்பாவிதம் இல்லை.

மார்ச் 7, வியாழன்

ரேஷன் கடைக்குப் போய் அரிசியும் பாமாயிலும் வாங்கி வந்தேன். மண்டை பிளக்கும் வெயில். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அமுலு என் காலைப் பார்த்து நிமிர்ந்தாள்.

“இன்னொரு செருப்பு எங்க மாமா?”

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை.

“நாய் கவ்விக்கினு போயிருக்கும்” என்றேன்.

“கால்ல இருக்கற செருப்பையா?”

 சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் மரியாதை கெட்டுப்போகும். அவளே போய்த் தேடி எடுத்து வந்தாள். தெருமுனைக் குழாயடிச் சேற்றில் மாட்டிக்கொண்டிருந்ததாம். அங்கிருந்து வீடு வரை தார் ரோடு.

அமுலுவுக்கு என் காலில் எண்ணெய் தேய்ப்பதில் ஒரு பைத்தியம். எத்தனை வருடமாகவோ தினமும் சாயங்காலம் உட்காரவைத்து, உள்ளங்காலைத் திருப்பி லைட் வெளிச்சத்தில் காட்டி, ஒவ்வொரு விரலாகப் பார்த்துத் தேய்ப்பாள். வேறு பெண்கள் சீரியல் பார்க்கிறார்கள், இவள் என் காலைப் பார்க்கிறாள். இன்று இடது பாதத்தில் பெரிய கொப்புளம் என்றாள். ஒன்றும் வலிக்கவில்லை என்றேன். அது பொய்யில்லை.

மார்ச் 9, சனி

கம்பெனியிலிருந்து தோல் துண்டு கொண்டுவந்து என் செருப்புக்குப் பின்வார் தைத்துவிட்டாள் அமுலு. எல்.கே.ஜி. பையன் செருப்பு மாதிரி இருக்கிறது. போட்டுக்கொண்டேன். உடம்பு நன்று.

மார்ச் 12, செவ்வாய்

டைரியைக் கொண்டுவா என்றார் சாப். யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொன்னவர்தான். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“இது டைரியா, பட்டாளத்து காவல் ரூம் ரிஜிஸ்தரா? உடம்பு நன்று, அசம்பாவிதம் இல்ல! செருப்பு போனது கூடத் தெரியாம நடந்து வந்திருக்கற, அதுக்குப் பேரு இன்னாய்யா?”

“நாய், சாப்.”

“நாய்தான். ரெண்டு காலோட எதிர்ல உட்கார்ந்திருக்குது.”

பிறகு டிசம்பரில் போர்டில் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பிளேசரை இஸ்திரி போட்டு மெடல் எல்லாம் மாட்டிக்கொண்டேன். முதல் நாளே முடி வெட்டிக்கொண்டேன். ஷூவில் முகம் பார்க்கலாம். பெயரைக் கூப்பிட்டதும் மார்ச் செய்து உள்ளே போய், காலை உதைத்து நின்று, சல்யூட் அடித்தேன். மூன்று டாக்டர்கள். எல்லாரும் என் மகள் கௌசல்யாவை விடக் கொஞ்சம்தான் பெரியவர்கள். வலி இருக்கிறதா என்றார்கள். இல்லை சார் என்றேன். ஊசி முனையால் பாதத்தில் தொட்டுத் தொட்டுத் தெரிகிறதா என்றார் ஒருவர். தெரிகிறது சார், தெரிகிறது சார் என்று சரியாகச் சொன்னேன். கால்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள். நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றேன். “வெரி குட்” என்றார் அந்த டாக்டர். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வெளியே வந்து அமுலுவிடம் எல்லாம் பாஸ் என்றேன்.

சாப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

“எல்லாத்துலயும் பாஸ் பண்ணிட்டு வந்து, பென்ஷன் குடுக்கலன்னு அழுவற! ஃபெயிலானாதாண்டா குடுப்பான்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தப் பரீட்சையிலும் ஃபெயிலாவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

மார்ச் 17, ஞாயிறு

சாப் சிரித்தது மனதிலேயே நிற்கிறது. அவருக்குத் தெரியாததா? தெரிந்துகொண்டேதான் சிரித்தார்.

வடக்கே, பனி மலையில், எங்கள் கான்வாய் மாட்டிக்கொண்டது. வண்டிக்குள் ஹீட்டர் நின்றுபோனது. மீட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது என் இரண்டு பாதமும் கருநீலமாக இருந்தது. விரல்களை எடுக்க வேண்டிவரும் என்றார்கள். எடுக்கவில்லை. நிறம் திரும்பியது. எல்லாரும் எனக்கு அதிர்ஷ்டம் என்றார்கள். நிறம்தான் திரும்பியது.

பட்டாளத்தில் வருடா வருடம் உடம்பைப் பரிசோதித்து கேட்டகரி போடுவார்கள். கேட்டகரி இறங்கினால் பிரமோஷன் கிடையாது, டிரைவர் என்றால் ஸ்டியரிங்கும் கிடையாது. ஸ்டோரில் உட்கார்ந்து போர்வை எண்ண வேண்டும். ஆகவே எவனும் நோயைச் சொல்ல மாட்டான். காது கேட்காதவன் டாக்டரின் உதட்டைப் படிப்பான். முதுகு போனவன் பெல்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிவான். நானும் என் வேலையைக் கற்றுக்கொண்டேன்.

ஊசி முனை பாதத்தில் படுவதைப் பார்க்க வேண்டியதில்லை, டாக்டரின் முழங்கையைப் பார்த்தால் போதும். முழங்கை அசைந்தால் தெரிகிறது சார். கண்ணை மூடி நிற்பது கொஞ்சம் கஷ்டம், பார்க்காவிட்டால் உடம்பு ஆடும். ஆனால் எல்லா மெடிக்கல் அறையிலும் இரும்புக் கட்டில் ஒன்று இருக்கும். அதன் ஓரமாக நின்று கெண்டைக்கால் கம்பியில் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தால் உடம்பு ஆடாது. கெண்டைக்காலுக்கு உணர்ச்சி இருக்கிறது. ஒரு தடவையும் தவறியதில்லை. ஒவ்வொரு வருடமும் ஃபிட்.

பிச்சாண்டி சாப் மாதிரி ஆட்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பக்கத்தில் டிரே பிடித்து நிற்பார்கள். காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். டிசம்பரில் நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. உள்ளே போனதும் கண் தானாக முழங்கைக்குப் போனது. கால் தானாகக் கட்டிலைத் தேடிப் போனது.

மார்ச் 24, ஞாயிறு

பள்ளிக்கூடக் கரஸ்பாண்டென்ட் அம்மா போன் செய்தார்கள். பரீட்சை நேரம், வேன் டிரைவர் ஒருவன் சொல்லாமல் நின்றுவிட்டானாம். “நீங்க வந்தா பேரண்ட்ஸ் நிம்மதியா இருப்பாங்க ஜலகண்டன்” என்றார்கள். வர முடியாது மேடம் என்றேன். சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றார்கள். அதுக்கில்லை மேடம் என்றேன். பின்னே எதுக்கு என்று கேட்டார்கள். டவர் கிடைக்கவில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

நவம்பரில் வேன் ஓட்டுவதை விட்டேன். ஒத்துவரவில்லை. பிள்ளைகள் போடும் சத்தம் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு செக்யூரிட்டி வேலைக்குப் போய்ப் பார்த்தேன். நைட் டூட்டி. இருட்டில் ரவுண்ட்ஸ் போக வேண்டும் என்றார்கள். அதுவும் ஒத்துவரவில்லை.

சர்வீஸ் பென்ஷன் வீட்டுக் கடனுக்கும் கௌசல்யா காலேஜுக்கும் சரியாகப் போகிறது. சாப்பாடு அமுலு சம்பளத்தில். அவள் இந்த மாதம் முழுக்க ஓவர்டைம் பார்க்கிறாள். நான் சமைத்து வைக்கிறேன். இன்று முருங்கைக்கீரைப் பொரியல். உப்பு தூக்கலாக இருந்தது என்றாள். ஆனாலும் முழுவதும் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 3, புதன்

அப்பீல் அனுப்பியாயிற்று. பட்டாளத்தில் ரிகர்சல் இல்லாமல் எதுவும் நடக்காது என்பதால் சாப் தன் வீட்டுக் கூடத்தில் ஒரு போர்டு கூட்டினார். அவரே பிரசிடென்ட். அவர் வீட்டம்மா மீன் கழுவிய கையோடு வந்து டாக்டராக உட்கார்ந்தார்கள்.

“நெக்ஸ்ட்!” என்றார் சாப்.

உள்ளே போய்க் காலை உதைத்து நின்றேன்.

“அவுட்! வெளிய போ. ஊனமுற்றவன் இப்படியா வருவான்? மறுபடியும் வா.”

மறுபடியும் வந்தேன். இந்த முறை உதைக்கவில்லை. ஆனால் சாப் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் நெஞ்சு தானாக விடைத்துக்கொண்டது.

“உடம்பு எப்படி இருக்குது?”

“ஃபைன் சார்.”

“நாசமாப் போச்சு” என்று சொல்லிவிட்டு வீட்டம்மா மீனைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கடைசியில் சாப் என் தோளைப் பிடித்து மெதுவாகச் சொன்னார். “கண்ணை மூடச் சொல்லுவான் பாரு, அப்ப வுழுந்துடு. தொபுக்கடீர்னு வுழணும். டாக்டர் மேலயே வுழுந்தாலும் பரவால்ல. எத்தினி பேரு கால் நல்லா இருந்தே நொண்டிக்கினு போறான். உனக்கு இன்னா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் இன்னா கூத்துல வேஷம் கட்டறவனா சாப்? பொய்யா வுழுந்து வாங்கற துட்டு எனக்கு வேணாம்.”

“பொய்யா?” என்றார் சாப். அவருக்கும் கோபம். “எதுடா பொய்யி? நீ நிக்கறதா, வுழறதா?”

காபி குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 4, வியாழன்

சாப் வீட்டுக்குப் போகவில்லை. உடம்பு நன்று.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. கோயிலுக்குப் போனோம். கூட்டம். தீபாராதனை காட்டும்போது எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் மூடுவதில்லை. சாமியைப் பார்க்கத்தானே வருகிறோம், கண்ணை மூடினால் எப்படி? அமுலு என் பக்கத்திலேயே ஒட்டி நின்றாள். கூட்டத்தில் அவளுக்குப் பயம்.

சாயங்காலம் குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கரண்ட் போனால் இருக்கிற இடத்தில் உட்கார்ந்துவிடுவது என் வழக்கம். பட்டாளப் பழக்கம். ஈரத் தரையில் உட்கார்ந்தேன். நான் கூப்பிடவில்லை. ஆனாலும் அமுலு செல்போன் லைட்டோடு வாசலில் வந்து நின்றாள். அடுப்பில் பால் வைத்திருந்தவள். பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது.

“எழுந்திரிங்க மாமா” என்றாள். லைட்டை என் காலடியில் காட்டினாள், முகத்தில் இல்லை.

எழுந்தேன்.

முகத்துக்குச் சோப்புப் போடும்போது ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பேன். எரியும். பழகிவிட்டது. இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதுவதோடு சரி.

ஏப்ரல் 27, சனி

அமுலுவின் ஆள்காட்டி விரலில் தையல் மிஷின் ஊசி இறங்கிவிட்டது. நகத்தில் இறங்கி மறுபக்கம் வந்ததாம். ஓவர்டைமில் தூக்கக் கலக்கம். கம்பெனி நர்ஸ் ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினாள். திங்கட்கிழமை போகிறேன் என்கிறாள். விரல் வீங்கிக் கிடக்கிறது.

“வலிக்குதா?” என்று கேட்டேன்.

“வலிக்காம? உயிர் போவுது” என்றாள். அழுதாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். ஒரு கையால் என் காலுக்கு எண்ணெய் தேய்க்க வந்தாள். இன்றைக்கு வேண்டாம் என்று சத்தம் போட்டேன். கேட்கவில்லை, பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

மே 5, ஞாயிறு

காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். லீவு. வாட்ச்மேன் மட்டும் இருந்தான். வேனை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன், ஜூனில் மறுபடியும் வரலாம் என்று இருக்கிறேன் என்றேன். கரஸ்பாண்டென்ட் அம்மாவுக்கு போன் செய்து கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தான்.

காலி வேன். விளையாட்டு மைதானத்தில் ஒரு சுற்று. முதல் கியர், இரண்டாவது கியர். கை எதையும் மறக்கவில்லை. கோல் கம்பத்துக்கு இந்தப் பக்கம் பிரேக் போட நினைத்தேன். எந்தப் பெடலில் கால் இருக்கிறது என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். ஆக்சிலேட்டரில் இருந்தது. பார்த்து, எடுத்து, பிரேக்கில் வைத்து மிதித்தேன். வேன் நின்றது. கம்பத்தில் படவில்லை. அசம்பாவிதம் இல்லை.

நவம்பரிலும் இதேதான். அன்று வேன் நிறையப் பிள்ளைகள். ரயில்வே கேட் மூடிக்கொண்டிருந்தது. ஒரு நொடி குனிந்து பார்த்தேன், பிரேக் போட்டேன், நின்றது. யாருக்கும் எதுவும் தெரியாது. என் சீட்டுக்குப் பின்னால் இருந்த யு.கே.ஜி. பாப்பா “டிரைவர் மாமா, கீழ இன்னா தேடறீங்க?” என்று கேட்டது. பென்சில் என்றேனோ என்னவோ, ஏதோ சொன்னேன். அன்று சாயங்காலமே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பிள்ளைகளின் சத்தம் ஒரு காரணமே இல்லை. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

இன்று வேனை நிறுத்திவிட்டு இறங்க முடியவில்லை.  பயந்துவிட்டேன். வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டி, “இன்னா சார், ஜூன்ல வர்றீங்களா?” என்றான். இல்லை என்றேன்.

மே 16, வியாழன்

அப்பீல் போர்டுக்குத் தேதி வந்துவிட்டது. ஜூன் 11, சென்னை. இதுவும் தள்ளுபடியானால் அதோடு கதை முடிந்தது, அப்புறம் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார் சாப். அவரேதான் வீட்டுக்கு வந்தார். வரும்போது மாம்பழம் கொண்டுவந்தார். ஏப்ரல் மாதச் சண்டையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மே 28, செவ்வாய்

அமுலு விரல் ஆறவில்லை, ஆனால் தைக்கிறாள். நடு விரலால் தோலைத் தள்ளப் பழகிக்கொண்டாளாம்.

பிளேசரை இஸ்திரிக்குக் கொடுக்க எடுத்தேன். பிடுங்கி மறுபடியும் பீரோவில் வைத்தாள்.

“சாப் சொல்ற மாதிரி வுழ மாட்டீங்களா?”

“எனக்கு நடிக்கத் தெரியாது அமுலு.”

அவள் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் குரலை உயர்த்தியவள் இல்லை. இன்று தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

“உங்களுக்கா நடிக்கத் தெரியாது? ஒத்தக் கண்ணு செவந்து செவந்து குளிச்சிட்டு வர்றீங்களே, எனக்குத் தெரியாதா? கோயில்ல உங்க பக்கத்துல ஒட்டி நிக்கறேனே, எனக்குக் கூட்டம்னா பயம்னு நெனச்சீங்களா? நீங்க சாஞ்சா புடிக்கறதுக்கு நிக்கறேன். கால்ல ஆணி குத்திச் சீழ் புடிச்சது கூடத் தெரியாம இருந்தீங்களே, அன்னிலருந்து தெனம் எண்ணெய்ன்னு சொல்லிக்கினு பாக்கறேன். ஒரு நாளாவது கால் மரத்துப் போச்சு அமுலுன்னு சொன்னீங்களா? டாக்டர்கிட்ட மறைச்சீங்க சரி, வேலை போயிடும். நான் இன்னா உங்க கேட்டகரியையா இறக்கப்போறேன்?”

நான் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

“நீங்க ஒண்ணும் நடிக்க வேணாம். இத்தினி வருஷமா நடிக்கறத நிறுத்துங்க, போதும்.”

சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதால் இல்லை. தெரியாது என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேனே, அதற்காக. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டோடு வந்தாள். சாப்பிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

அமுலு வேலைக்குப் போன பிறகு கூடத்தில் தனியாக நின்று பார்த்தேன். சுவரை விட்டு, நாற்காலியை விட்டு, நடுவில். கண்ணை மூடவில்லை. மூடப் பார்த்தேன், இமை இறங்கவில்லை. துணி துவைத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

காட்பாடியில் ரயில் ஏறி, போர்டு முடிந்து, இப்போது திரும்பிக்கொண்டிருக்கிறோம். அமுலு ஜன்னலோரம் தூங்குகிறாள். எல்லாவற்றையும் இன்றே எழுதிவிட வேண்டும், நாளைக்கு எழுதினால் மாற்றி எழுதிவிடுவேன்.

சாதாரணச் சட்டை, பேன்ட். பின்வார் வைத்த செருப்பு. மெடல்களைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன், அது அமுலுவுக்குத் தெரியாது. அவளை உள்ளே விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

பிரசிடென்ட் ஒரு கர்னல், நரைத்த தலை. பக்கத்தில் ஒரு லேடி டாக்டர், மேஜர். நல்ல தமிழ், மதுரைப் பக்கம் போல. நான் உதைத்து நிற்கவில்லை, ஆனால் நேராகத்தான் நின்றேன். வளைந்து நிற்க எனக்குத் தெரியாது.

“வலி இருக்கா?” என்று கேட்டார் மேஜர் மேடம்.

“இல்லை மேடம்.” அது உண்மை. அடுத்து ஏதோ சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை.

கட்டிலில் உட்காரவைத்து ஊசி முனையை எடுத்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பாதிதான் மூடினேன். முழங்கை அசைந்தது.

“தெரியுது மேடம்.”

அசைந்தது. “தெரியுது மேடம்.” அசைந்தது. “தெரியுது.”

மேடம் ஊசியை டிரேயில் வைத்துவிட்டார்.

“கடைசி ரெண்டு தடவை நான் தொடவே இல்லையே ஹவில்தார்.”

 திருடன் மாட்டிக்கொண்ட மாதிரி வேர்த்துவிட்டது எனக்கு. கர்னல் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“இங்க வர்ற எல்லாரும் இல்லாததை இருக்குன்னு சொல்லுவாங்க” என்றார் மேடம். “நீங்க என்ன, இருக்கறத இல்லைன்னு சொல்றீங்க? யாருக்குப் பயப்படறீங்க?”

“கேட்டகரி இறங்கிடும் மேடம்” என்று வாய் சொல்லிவிட்டது. ரிடையராகி இத்தனை வருடம் கழித்து.

யாரும் சிரிக்கவில்லை. கர்னல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் மெடிக்கலுக்கு நின்றவர்தானே.

“எழுந்து நில்லுங்க. காலைச் சேர்த்து வைங்க. கண்ணை மூடுங்க.”

எழுந்தேன். பின்னால் கட்டில். கெண்டைக்காலில் கம்பி பட்டது. ஜில்லென்று, நன்றாகத் தெரிந்தது. அங்கேயே நின்றிருந்தால் இன்றைக்கும் பாஸ்.

அமுலுவின் விரலை நினைத்தேன். ஓரடி முன்னால் வந்தேன். பிறகு இன்னும் ஓரடி. எட்டிப் பிடிக்க எதுவும் இல்லாத இடம். கண்ணை மூடினேன், முழுசாக.

கால் போய்விட்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும். கணுக்காலுக்குக் கீழே யாரோ எடுத்துக்கொண்டு போன மாதிரி. நான் சாய்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. நேராக நிற்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தோளில் தரை இடித்தபோதுதான் விழுந்துவிட்டேன் என்று தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து மெடல்கள் சிதறி ஓடின. கர்னல் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து கை கொடுத்தார்.

சத்தம் கேட்டு, தடுத்த பியூனைத் தள்ளிவிட்டு அமுலு உள்ளே வந்துவிட்டாள். என்னைத் தூக்கவில்லை முதலில். பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்த்தாள். அடி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்க தினமும் இப்படிப் பாப்பீங்களாம்மா?” என்று கேட்டார் மேஜர் மேடம்.

“அவருக்குத் தெரியாது இல்ல மேடம்” என்றாள் அமுலு.

மேடம் அதற்குப் பிறகு நிறையக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். செருப்பு, சோப்பு, கரண்ட், ரயில்வே கேட். சொல்லச் சொல்ல வாய் பழகிவிட்டது. கர்னல் தரையில் கிடந்த மெடல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் கொடுத்தார்.

தோள் வலிக்கிறது. இன்று உடம்பு சரியில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கடிதம் வந்தது. அப்பீல் ஏற்கப்பட்டது. ஊனம் நிரந்தரமானது, ராணுவச் சேவையில் ஏற்பட்டது என்று போட்டிருக்கிறார்கள். பென்ஷன் உண்டு. சாப் நான்கு தடவை படித்தார். கடைசியாக ஒரு தடவை சத்தமாகப் படித்துவிட்டு எனக்கு சல்யூட் அடித்தார். சாப் ஹவில்தாருக்கு அடித்த சல்யூட்டை இதுவரை நான் பார்த்ததில்லை.

நிரந்தரம் என்ற வார்த்தையைத் தனியாக இருக்கும்போது மறுபடியும் பார்த்தேன். அழுகை வந்தது. அழுதேன்.

அமுலு இந்த வாரத்தோடு ஓவர்டைமை நிறுத்தப்போகிறாள்.

ஆகஸ்ட் 21, புதன்

காலையில் முகம் கழுவப் போனேன். “அமுலு” என்று கூப்பிட்டேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் பிடித்துக்கொண்டாள்.

சோப்பு நுரை வழிய, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு முகம் கழுவினேன். அவசரப்படவில்லை. கண் எரியவில்லை.